எழுதலும் எழுப்புதலும்: 'உயிர்த்தெழுதல்' என்னும் கோட்பாட்டுச் சொல் குறித்த ஒரு மொழியியல் மதிப்பீடு

1. முன்னுரை

பவுல் ஏதென்ஸ் நகரத்துச் சந்தைவெளியில் மெய்யியலாரோடு உரையாடிய செய்தி, அப்போஸ்தலர் நடபடிகள் 17ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. கேட்டவர்களுள் சிலர் அவரை அயல்தெய்வங்களை அறிவிக்க வந்தவர் என்று கருதினர். இயேசுவைப் பற்றியும் 'அனஸ்தாசிஸ்' பற்றியும் அவர் பேசியதே இதற்குக் காரணம் என்கிறார் நூலாசிரியர். 'தெய்வங்கள்' என்னும் பன்மையை நோக்கி, அனஸ்தாசிஸ் என்னும் பெண்பாற்சொல்லை அந்நகரத்தார் ஒரு தெய்வத்தின் பெயராகவே கொண்டுவிட்டனர் என 407இல் மறைந்த யோவான் கிறிசோஸ்தோம் விளக்கம் தந்தார். இத்தனைக்கும் அச்சொல் அவர்களுக்குப் புதியதன்று. கி.மு. 458இல் அதே நகரில் அரங்கேறிய ஈஸ்கிலசின் 'யூமெனிடிஸ்' நாடகத்தில், ஒருமுறை மாண்டவனுக்கு எழுதல் இல்லை என்று அப்பல்லோ கூறுமிடத்தில் இதே சொல் ஆளப்பட்டுள்ளது. பவுல் பின்னர் உரை நிகழ்த்திய அரயோபாகு மன்றமே அந்நாடகக் காட்சிக்கும் களம். சொல் பழையது, அது சுமந்துவந்த பொருள் புதியது. எனவே தாய்மொழியாளரிடையேயே அச்சொல் பிறழ உணரப்பட்டது.

மூலமொழியிலேயே நேர்ந்த இவ்விடர்ப்பாடு மொழிபெயர்ப்பில் பன்மடங்காகும். கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படையாகிய இக்கருத்தைத் தமிழ் 'உயிர்த்தெழுதல்' என்னும் சொல்லால் குறிக்கிறது. இச்சொல் எதை விளக்குகிறது, எதை மறைக்கிறது என்பதை அதன் இலக்கண அமைப்பின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். கோட்பாட்டின் உண்மையை நிறுவுவதோ மறுப்பதோ இங்கு நோக்கமன்று. எனினும் சொல்லின் இலக்கணம் கோட்பாட்டின் பொருளைத் தொடுகிறது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

2. மூலமொழிச் சொற்கள்

2.1 புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் இக்கருத்தைச் சுட்டுவன முதன்மையாக இரு வினைகள். ஒன்று 'எகெய்ரோ', துயிலெழுப்புதல், தூக்கி நிறுத்துதல் என்பன இதன் பொருள்கள். மற்றொன்று 'அனிஸ்தேமி'; மேலெழுந்து நிற்றல், நிறுத்துதல் என்பன இதன் பொருள்கள். இதிலிருந்து பிறந்த பெயரே அனஸ்தாசிஸ். இவ்விரண்டும் அன்றாட வழக்குச் சொற்கள். திமிர்வாதக்காரனைப் பார்த்து இயேசு எழுந்திருக்கச் சொல்லும்போதும் (மாற்கு 2:11), காய்ச்சலாய்க் கிடந்த சீமோனின் மாமியைக் கைப்பிடித்துத் தூக்கிவிடும்போதும் (மாற்கு 1:31) எகெய்ரோவே வருகிறது. கல்லறைச் செய்தியிலும் அதே வினைதான். படுக்கையிலிருந்து எழுவதற்கும் கல்லறையிலிருந்து எழுவதற்கும் ஒரே சொல் என்பதைக் கிரேக்க வாசகர் எளிதில் உணர்ந்திருப்பர்.

2.2 எபிரேய மரபில் மூன்று வினைகள் இக்கருத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. 'ஹாயா' வாழ்தலையும், 'கூம்' எழுதலையும், மூன்றாவது வினை விழித்தலையும் குறிக்கும். ஏசாயா 26:19இல் இம்மூன்றும் ஒருங்கே வருகின்றன. ஓசேயா 6:2இல் முதலிரண்டும் இணைந்து வருகின்றன. தானியேல் 12:2இல் விழித்தல் மட்டும் வருகிறது. வாழ்தல், எழுதல், விழித்தல் என்னும் இம்மூன்று பொருட்கூறுகளையும் அளவுகோலாகக் கொண்டு தமிழ்ச் சொற்களை மதிப்பிடலாம்.

3. தமிழ்ச் சொற்கள் மூன்று

நம்பிக்கை அறிக்கையின் தமிழ் வடிவங்களில் மூன்று தொடர்களைக் காணலாம். பழைய கத்தோலிக்க வழக்கு 'சரீர உத்தானம்'. சீர்திருத்தச் சபைகளின் வழக்கு 'சரீரம் உயிர்த்தெழுதல்'. பிற்காலக் கத்தோலிக்க வழக்கு 'உடலின் உயிர்ப்பு'.

3.1 உத்தானம். இது வடசொல் 'உத்' என்னும் முன்னொட்டும் நிற்றலைக் குறிக்கும் 'ஸ்தா' வேரும் சேர்ந்தது. கிரேக்க அனஸ்தாசிஸும் மேல் எனப் பொருள்படும் முன்னொட்டும் நிற்றலைக் குறிக்கும் வேரும் சேர்ந்ததே. இரு வேர்களும் இந்தோ-ஐரோப்பிய மூலத்தால் ஒன்று. ஆகவே உருபனுக்கு உருபன் நேராக அமைந்த மொழிபெயர்ப்பு இதுவே. இந்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவை 'புனர்' என்னும் முன்னொட்டைச் சேர்த்து, புனருத்தானம் என்னும் வடிவத்தை ஏற்றுள்ளன. ஆயினும் தமிழில் இதற்கு ஓர் எழுத்தியல் தடை உண்டு. எழுதலைக் குறிக்கும் வடசொல்லும், மல்லாந்து கிடத்தலைக் குறிக்கும் 'உத்தான' என்னும் வேறொரு வடசொல்லும் மூச்சொலி வேறுபாட்டால் பிரிவன. தமிழ் வரிவடிவம் அவ்வேறுபாட்டைக் காட்டாது. எனவே எழுந்து நிற்பதும் மல்லாந்து கிடப்பதும் ஏட்டில் ஒரே வடிவம் பெற்றுவிடுகின்றன. பொருள் விளங்காமையோடு இம்மயக்கமும் உடைய இச்சொல் வழக்கிழந்ததில் வியப்பில்லை.

3.2 உயிர்ப்பு. சுருக்கமும் செறிவும் உடையது. மலையாள வழக்கிலும் உள்ளது. பழந்தமிழில் உயிர்த்தல் முதன்மையாக மூச்சுவிடுதலைக் குறித்தது. நெட்டுயிர்ப்பு, வெய்துயிர்த்தல் ஆகிய ஆட்சிகளை நோக்குக. இதனால் உயிர்ப்பு என்னும் சொல்லில் வாழ்தல் என்னும் கூறு விளங்குகிறது. எழுதலும் விழித்தலும் முற்றாக மறைகின்றன. வேறொரு குறையும் உண்டு. 1 கொரிந்தியர் 15:22இலும் 15:45இலும் பவுல் வாழ்வளித்தல் எனப் பொருள்படும் தனி வினையொன்றைக் கையாளுகிறார். அவ்விடங்களில் 1871இல் வெளிவந்த பவர் பதிப்பு 'உயிர்ப்பித்தல்' என்னும் வினையை ஆள்கிறது. அனஸ்தாசிஸுக்கு உயிர்ப்பு எனக் கொண்டால், எழுதலும் வாழ்வளித்தலும் ஒரே சொல்லடியில் கலந்துவிடும். மூல ஆசிரியர் பிரித்து வைத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒன்றாக்கிவிடுவார்.

3.3 உயிர்த்தெழுதல். இது கிரேக்கச் சொல் எதற்கும் நேரானதன்று. ஆயினும் வாழ்தல், எழுதல் என்னும் இரு எபிரேய வினைகளின் இணையை அதே வரிசையில் தருகிறது. ஏசாயாவும் ஓசேயாவும் அடுத்தடுத்து வைத்த வினைகளைத் தமிழ் ஒரு கூட்டுவினையாக்கியுள்ளது எனலாம். இவ்வகையில் இச்சொல் விவிலிய மரபுக்கு அயலானதன்று, செறிவான ஆக்கமே. அதன் சிக்கல் சொற்பொருளில் இல்லை, தொடரமைப்பில் உள்ளது.

4. வினைமுதல் யார்?

4.1 'உயிர்த்து' என்பது செய்து என்னும் வாய்பாட்டு வினையெச்சம். இவ்வெச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் எனத் தொல்காப்பியர் விதிக்கிறார். இக்காலத் தொடரியலாரும் இதை ஒத்த எழுவாய்க் கட்டுப்பாடாக விளக்குவர். மழை பெய்து குளம் நிறைந்தது என்பது போன்ற காரணப்பொருட் தொடர்கள் விதிவிலக்கு. உயிர்த்தெழு என்னும் கூட்டுவினையில் உயிர்த்தவர் யாரோ அவரே எழுந்தவரும் ஆவார். தன்வினையாகிய 'எழு'வைப் பிறவினையாகிய 'எழுப்பு' என மாற்றினால் 'உயிர்த்தெழுப்பினார்' என்றாகும். அப்போது உயிர்த்தவரும் எழுப்பினவரே என்று பொருள்பட்டுத் தொடர் சிதையும். இயேசுவைக் கடவுள் எழுப்பினார் என்ற கருத்தை இக்கூட்டுவினை நேராகத் தாங்காது. 'உயிர்த்தெழு' என்பதற்கு உரிய பிறவினை வடிவம் இல்லை.

4.2 இதன் விளைவு சிறிதன்று. புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய அறிக்கைத் தொடர்களில் கடவுளே எழுவாய், அவர் இயேசுவை எழுப்பினார் (1 தெசலோனிக்கேயர் 1:10, ரோமர் 10:9, அப்போஸ்தலர் 2:32). கொலையுண்டவரைக் கடவுள் ஏற்று நிலைநாட்டினார் என்பதே அச்செய்தியின் உயிர்நாடி. மக்களின் தீர்ப்பைக் கடவுளின் செயல் மாற்றிவிட்டது என்னும் வாதம் வினைமுதலைப் பொறுத்தே நிற்கிறது. மற்றொரு மரபும் உண்டு. யோவான் 2:19, 10:18 ஆகிய இடங்களில் இயேசுவே தம் வாழ்வை மீளக் கொள்பவராகப் பேசுகிறார். 1 தெசலோனிக்கேயர் 4:14இல் அவர் எழுந்தார் எனத் தன்வினையே வருகிறது. இரு மரபுகளும் அருகருகே நிற்பது நூலின் இயல்பு. உயிர்த்தெழுந்தார் என்பதை எங்கும் பரப்பினால் இரண்டாம் மரபு மட்டுமே செவியில் நிலைக்கும்.

4.3 பவர் பதிப்பு இவ்விடரை அறிந்தே நடந்துகொள்வதாகத் தோன்றுகிறது. கடவுள் எழுவாயாகும்போது அது 'எழுப்பு' என்பதையும், இயேசுவோ இறந்தோரோ எழுவாயாகும்போது பெரும்பாலும் 'உயிர்த்தெழு' என்பதையும் ஆள்கிறது. 1 கொரிந்தியர் 15:15 ஒரு வசனத்துக்குள்ளேயே இவ்விரண்டையும் காணலாம். தமிழ் இலக்கணத்துக்கு இது முற்றும் ஏற்புடையது. ஆனால் மூலத்தில் அங்கு ஒரே வினை தன் இரு பாங்குகளில் வருகிறது. இறந்தோர் எழுப்பப்படுவதில்லை எனில் கிறிஸ்துவும் எழுப்பப்படவில்லை என்னும் பவுலின் தருக்கம், ஒரே சொல் திரும்பத் திரும்ப வருவதால் இறுகுகிறது. தமிழில் அப்பிணைப்பு நெகிழ்கிறது.

4.4 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு, 'உயிருடன் எழுப்பப்பட்டார்' என்னும் ஆட்சியால் செயப்பாட்டுப் பொருளை மீட்க முயல்கிறது. முயற்சி பாராட்டத்தக்கது. எனினும் 'உயிருடன்' என்னும் அடையைச் செயப்பாட்டு வினைகளுக்கு முன் தமிழ் எவ்வாறு ஆள்கிறது என்பதைக் கருத வேண்டும். உயிருடன் புதைக்கப்பட்டார், உயிருடன் பிடிபட்டார், உயிருடன் மீட்கப்பட்டார் ஆகிய தொடர்களில் அவ்வடை, வினை நிகழுமுன்பே இருந்த நிலையைக் காட்டுகிறது. இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர் என்றால் அவர் இறக்கவே இல்லை என்பது பொருள். 'உயிருடன் எழுப்பப்பட்டார்' என்பதைத் தனித்து வாசிப்பவருக்கு, அவர் மாளவில்லை என்ற எதிர்ப்பொருளும் தோன்ற இடமுண்டு. சூழல் அதைத் தடுக்கும். ஆயினும் இத்தகைய இடத்தில் சூழலை நம்பி நிற்கும் தொடர் வலுவானதன்று.

4.5 மறுபக்கத்தையும் கூற வேண்டும். மாற்கு 16:6இல் வரும் 'ஏகெர்த்தே' வடிவத்தால் செயப்பாட்டு வினை. ஆனால் இதே வடிவம் மத்தேயு 8:15இல், காய்ச்சல் நீங்கிய பெண் எழுந்தாள் என்னும் தன்வினைப் பொருளில் வருகிறது. எனவே கல்லறைச் செய்தியில் எழுந்தார் என்பதும் எழுப்பப்பட்டார் என்பதும் இலக்கணத்தால் இயலும். இவ்விடத்தில் தன்வினையைத் தெரிந்தவரைப் பிழை செய்தார் எனல் பொருந்தாது. ஆனால் மூலத்தின் இருபொருள்நிலையை 'உயிர்த்தெழுந்தார்' ஒரு பக்கமாக முடித்துவிடுகிறது என்பதை மறுக்க இயலாது.

5. முற்றும் எச்சமும்

5.1 உயிர்த்தெழுதல் பற்றிய தொன்மையான எழுத்துச் சான்றுகளுள் ஒன்று 1 கொரிந்தியர் 15:3-5. இம்மடல் கி.பி. 50களின் நடுப்பகுதியில் எழுதப்பட்டது. அதிலும் இப்பகுதி தாம் பெற்றுக்கொண்டதாகப் பவுலே கூறும் மரபுத்தொடர். இதில் நான்கு வினைமுற்றுகள் உள்ளன: இறந்தமை, அடக்கம் செய்யப்பட்டமை, எழுப்பப்பட்டமை, தோன்றினமை. முதலாவதும் இரண்டாவதும் நான்காவதும் எளிய இறந்தகாலம். மூன்றாவதாகிய 'எகேகெர்த்தாய்' மட்டும் நிறைவுநிலை வடிவம். செயல் முடிந்தது, அதன் பயன் இன்றும் நிலைத்திருக்கிறது என்பதை அது காட்டும். இவ்வடிவம் அதே அதிகாரத்தில் ஏழு முறை வருகிறது. கிறிஸ்து இறந்தது ஒரு நாள் நிகழ்ச்சி. அவர் எழுப்பப்பட்டிருப்பது இன்றைய நிலை. இக்கால வேறுபாடே அறிக்கையின் மையம்.

5.2 பவர் பதிப்பில் இந்நான்கும் ஒரே தொடராகக் கோக்கப்படுகின்றன. மரித்து, அடக்கம்பண்ணப்பட்டு, உயிர்த்தெழுந்து என முதல் மூன்றும் வினையெச்சங்களாகின்றன. 'தரிசனமானார்' மட்டுமே முற்று. தமிழ் உரைநடைக்கு இது இயல்பான ஓட்டம், செவிக்கும் இனியது. ஆயினும் எச்சங்களுக்குத் தனிக் காலம் இல்லை. அவை முற்றின் காலத்தை ஏற்கும். விளைவாக மூன்றாம் வினையின் தனித்தன்மை கரைகிறது; தொடரின் அழுத்தம் காட்சியளித்தலின் மேல் விழுகிறது. மூலத்தில் நான்கு தூண்கள். தமிழில் ஒரு தூணும் அதற்குச் செல்லும் மூன்று படிகளும். தமிழின் மிக இயல்பான அமைப்பே இங்குப் பொருளிழப்புக்கு வழியாவதை மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டும்.

5.3 நிறைவுநிலையைத் தமிழில் 'இரு' என்னும் துணைவினையால் காட்டலாம். ஆனால் 'எழுந்திருக்கிறார்' என்றால் இரு மயக்கங்கள் நேரும். எழுந்திரு என்பது தனி வினையாகவும் வழங்குவதால், அத்தொடர் 'இப்போது எழுகிறார்' எனவும் பொருள்படும். மேலும் 'இரு' துணைவினை ஊகப்பொருளையும் தரும். ஈரமான முற்றத்தைக் கண்டு மழை பெய்திருக்கிறது என்கிறோம். வெறுங்கல்லறையைக் கண்டு எழுந்திருக்கிறார் என்று கூறினால், அது சான்று பகர்தலாகாமல் ஊகித்தலாக ஒலிக்கக்கூடும். 'எழுப்பப்பட்டிருக்கிறார்' என்பதில் முதல் மயக்கம் இல்லை. இரண்டாவது ஓரளவு எஞ்சும். இவற்றுள் குறைந்த இழப்புடையது அதுவே. நான்கு வினைகளையும் தனித்தனி முற்றுகளாக நிறுத்தி, மூன்றாவதற்கு மட்டும் இவ்வடிவைத் தந்தால் வேறுபாடு வாசகர் கண்ணில் படும்.

6. உயிரும் உடலும்

6.1 'உயிர்' என்னும் சொல்லுக்குத் தமிழ் மெய்யியலில் தனி வரலாறு உண்டு. சைவ சித்தாந்தத்தில் உயிர் தோற்றமும் அழிவும் இல்லாத பொருள். உடல் அது தங்கி நீங்கும் இடம். இம்மரபில் வளர்ந்த வாசகர், உயிர்த்தெழுதலை நீங்கிய உயிர் பழைய உடலுக்குத் திரும்பியதாக எளிதில் உணர்வார். லாசரு மீண்டதற்கு அவ்விளக்கம் ஒருவாறு பொருந்தும். அவர் மீண்டும் இறக்கும் இயல்புடையவராகவே மீண்டார். கிறிஸ்து இனி இறப்பதில்லை என்பதே ரோமர் 6:9இன் கூற்று. திரும்பி வருதலன்று, கடந்து செல்லுதலே கிறித்தவ நம்பிக்கை கூறும் பொருள்.

6.2 1 கொரிந்தியர் 15:44இல் பவுல் இரு உடல்களை எதிர்நிறுத்துகிறார். விதைக்கப்படுவது 'ப்சுகிகோன்' ஆகிய உடல்; எழுப்பப்படுவது 'ப்நியூமதிகோன்' ஆகிய உடல். முன்னது 'ப்சுகே' என்பதன் அடியாகப் பிறந்தது. அதற்குத் தமிழில் மிக நெருங்கிய சொல் உயிர் என்பதே. அதாவது அழிவுக்குரிய பக்கத்தில் பவுல் வைப்பது உயிர்சார் உடல். அழியாத பக்கத்தில் வைப்பது ஆவிசார் உடல். உடலுக்கும் உயிருக்கும் இடையே எதிர்நிலை இல்லை. பவர் பதிப்பு முன்னதை 'ஜென்மசரீரம்' என மொழிபெயர்த்து, இயல்பாகப் பெற்ற உடல் என்ற கருத்தைப் பாதுகாத்துள்ளது. இது நுட்பமான தேர்வு. எனினும் கோட்பாட்டின் பெயரிலேயே உயிர் முன்னிற்பதால், பவுல் கடந்துசெல்ல வேண்டியதாகக் கருதிய ஒன்றே தமிழில் எழுதலின் காரணமாகத் தோன்றும் முரண் எஞ்சுகிறது.

7. துயிலும் விழிப்பும்

உயிர்த்தெழுதல் என்னும் சொல்லில் முற்றும் விடுபட்டது விழித்தல் என்னும் மூன்றாம் கூறு. பவுல் இறந்தோரைத் துயில்பவர் என்றே குறிக்கிறார். லாசரு துயில்கிறான் என்று இயேசு கூற, சீடர் அதை இயல்பான உறக்கமாகக் கொண்டு தடுமாறுவது யோவான் 11:11-13இல் உள்ளது. அத்தடுமாற்றம் ஒரு சொல்லின் இருபொருளால் நேர்வது. பழந்தமிழில் இதற்கு முற்றும் நிகரான சொல் இருந்தது. துஞ்சுதல் உறங்குதலையும் இறத்தலையும் குறித்தது. குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் ஆகிய பெயர்களை அறிவோம். இன்று அச்சொல்லின் இரண்டாம் பொருள் வழக்கில் இல்லை. பவர் பதிப்பின் 'நித்திரையடைதல்' அவ்விடத்தை நிரப்பிற்று. தமிழ்ச் சீர்திருத்தச் சபையாரின் இறப்பு அறிவிப்புகளிலும் நிலைபெற்றது.

339ஆம் குறளும் சாவை உறக்கத்தோடும் பிறப்பை விழிப்போடும் ஒப்பிடுகிறது. உவமை ஒன்றே, பொருள் வேறு. குறளில் விழிப்பு அடுத்த பிறப்பு. பவுலிடம் விழிப்பது துயின்ற அதே ஆள். ஆனால் உவமையை ஏற்கத் தமிழ்ச் செவி பழகியுள்ளது என்பதற்கு இது சான்று. தமிழில் 'எழு' துயிலெழுதலையும் குறிக்கும். திருப்பள்ளியெழுச்சி என்னும் இலக்கிய வகையே அதன் மேல் அமைந்தது. எகெய்ரோவின் இரு பொருளையும் ஒருங்கே தாங்கும் தகுதி 'எழு', 'எழுப்பு' என்னும் இணைக்கு இயல்பாகவே உண்டு. மேலும் மூலத்தில் இருப்பது மரணத்திலிருந்து எழுதலன்று. மரித்தோரிலிருந்து, அதாவது துயில்வோர் பலருள்ளிருந்து ஒருவர் எழுதல். மரித்தோரிலிருந்து என்னும் பன்மையைப் பவர் பதிப்பு காத்தது. பேச்சிலும் மேடையுரையிலும் அது சாவிலிருந்து எனத் திரிந்துவருகிறது. பன்மை நீங்கினால், கிறிஸ்து முதற்பலன் என்பதும், மற்றவர்களின் எழுதல் அவரைத் தொடரும் என்பதும் பிடிமானம் இழக்கும். தனியொருவரின் அற்புதமாக அது சுருங்கும்.

8. முடிவுரை

உயிர்த்தெழுதல் என்னும் சொல்லை நீக்க வேண்டும் என்பது இம்மதிப்பீட்டின் முடிவன்று. கோட்பாட்டுப் பெயராக அது எபிரேய மரபின் இரு வினைகளைத் தாங்குகிறது. தமிழ் வழிபாட்டில் வேரூன்றியுள்ளது. ஆனால் கோட்பாட்டுப் பெயரை விவிலியத் தொடரெங்கும் வினையாக விரிப்பதே சிக்கலுக்குக் காரணம். எகெய்ரோ வருமிடங்களில் 'எழு', 'எழுப்பு' என்னும் இணையை ஆளலாம். வாழ்வளித்தலைக் குறிக்கும் வினைக்கு 'உயிர்ப்பித்தல்' என்பதை ஒதுக்கலாம். கடவுள் வினைமுதலாகும் இடங்களில் அவரை வெளிப்பட நிறுத்தலாம். நிறைவுநிலை வினைகளை எச்சமாக்காமல் முற்றாகவே வைக்கலாம்.

வெறும் 'எழுப்பினார்' என்பது எளியதாக, மதிப்புக் குறைந்ததாகத் தோன்றக்கூடும் என்பது எதிர்பார்க்கத்தக்க மறுப்பு. ஆனால் மூலமும் அவ்வளவு எளியதே. யவீருவின் மகளைக் கைப்பிடித்து இயேசு கூறிய அரமேயச் சொல்லை மாற்கு மாற்றாமல் பதிந்தார். காலையில் ஒரு சிறுமியைத் துயிலெழுப்பும் எவரும் கூறும் சொல் அது (மாற்கு 5:41). சாவைப் பற்றிய மிகப் பெரிய கூற்றை வீட்டு வழக்கின் சொல்லால் சொன்னமையே அம்மரபின் துணிவு. ஏதென்ஸ் நகரத்தார் ஒரு பழகிய சொல்லைத் தெய்வப்பெயராக்கி அதன் பொருளைத் தவறவிட்டனர். வினையைப் பெயராகவும், பெயரைப் பெருமையாகவும் உறையவைக்கும் எந்த மொழியிலும் அது மீண்டும் நிகழலாம்.